கனரக இயந்திரத்துக்குப் பெரிய சர்வோ மோட்டார்: சுமையிலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுக்கும் வழி

பெரிய சர்வோ மோட்டார் வாங்கப் போகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை கிலோவாட் வேண்டும்?" என்பதுதான். அதற்கு உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து தரும் டிரைவ், கேபிள், பேனல் எல்லாம் சேர்ந்தால் லட்சக்கணக்கில் போகும் கொள்முதல் இது. தவறான மோட்டார் வந்து இறங்கிவிட்டால் அதை மாற்றப் பல வாரங்கள் ஆகும், அதுவரை இயந்திரம் சும்மா நிற்கும்.

சர்வோவுக்குப் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சர்வோ என்பது, தன் நிலையை அளந்து சொல்லும் உணரியின் (என்கோடர்) துணையோடு, கேட்ட வேகத்தில் கேட்ட இடத்துக்குத் துல்லியமாக ஓடும் மோட்டார். ஒரு சிறப்பு இயந்திரத்தை வடிவமைக்கத் தொடங்கியிருக்கலாம், அல்லது பழைய ஹைட்ராலிக் இயந்திரத்தைச் சர்வோவுக்கு மாற்றும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். கணக்கு பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலைத் தாண்டாது. ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: 1200 கிலோ எடையுள்ள ஒரு மேடையை பால் ஸ்க்ரூ (சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றும் திருகு) மூலம் 1 மீட்டர் உயரம் தூக்கி இறக்கும் செங்குத்து அச்சு. செங்குத்து அச்சை வேண்டுமென்றே எடுத்தேன். கிடைமட்ட அச்சில் ஒளிந்துகொள்ளும் தவறுகள் எல்லாம் இதில் வெளியே வந்துவிடும்.

கிலோவாட் ஏன் போதாது

கிலோவாட் என்பது டார்க்கும் (சுழற்றும் விசை) வேகமும் பெருகி வரும் எண். டார்க்கை நியூட்டன் மீட்டரில், சுருக்கமாக என்எம்மில், வேகத்தை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எடுத்தால்:

கிலோவாட் = டார்க் × ஆர்பிஎம் ÷ 9550

இப்போது 5.5 கிலோவாட் என்று எழுதிய மூன்று மோட்டார்களைப் பாருங்கள். 3000 ஆர்பிஎம் மோட்டார் தொடர்ந்து தருவது ஏறக்குறைய 17.5 என்எம். 1500 ஆர்பிஎம் மோட்டார் 35 என்எம் தரும். 1000 ஆர்பிஎம் மோட்டார் 52.5 என்எம் தரும். மூன்றுக்கும் கிலோவாட் ஒன்றுதான். ஆனால் முதலாவதை நம் மேடையில் நேரடியாகப் பொருத்தினால், தூக்குவது இருக்கட்டும், மேடையை நிறுத்திப் பிடித்து வைக்கக்கூட அதனால் முடியாது. ஏன் என்று அடுத்த கணக்கில் தெரியும்.

சுமையைத் தாளில் இறக்குங்கள்

கேட்லாக்கைத் திறப்பதற்கு முன்பு ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: நகரும் மொத்த எடை, நகர வேண்டிய தூரம், வேகம், அந்த வேகத்தை எட்ட எடுக்கும் நேரம், ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி, அதில் எவ்வளவு நேரம் சும்மா நிற்கும். எடை என்றால் ஜிக், கிளாம்ப், கேபிள் செயின், மேலே ஏற்றும் பணிப்பொருள் எல்லாம் சேர்த்து. இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகு "இதையும் சேர்த்து மாட்டிக்கலாம்" என்று ஒரு ஜிக் வந்து சேரும். அதற்கும் இப்போதே இடம் விடுங்கள்.

நம் மேடைக்கு: எடை 1200 கிலோ. பால் ஸ்க்ரூவின் லீட், அதாவது ஒரு சுற்றுக்கு மேடை நகரும் தூரம், 20 மி.மீ. வேகம் நொடிக்கு 0.4 மீட்டர், ஆகவே ஸ்க்ரூ 1200 ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும். அந்த வேகத்தை 0.4 நொடியில் எட்ட வேண்டும். ஸ்க்ரூவின் செயல்திறன் (எஃபிஷியன்சி) 0.9 என்று கொள்வோம்.

எடையால் வரும் விசை 1200 × 9.81, ஏறக்குறைய 11,770 நியூட்டன். இதை லீட்டால் (0.02 மீட்டர்) பெருக்கி 6.28-ஆல் வகுத்தால் 37.5 என்எம். மேடை அசையாமல் நிற்கும்போதே சுமை ஸ்க்ரூவில் தரும் டார்க் இது. மேலே தூக்கும்போது ஸ்க்ரூவின் உராய்வையும் வெல்ல வேண்டும் என்பதால் 0.9-ஆல் வகுக்கிறோம்: 41.6 என்எம். வழிகாட்டித் தண்டவாளங்களின் உராய்வுக்கு இன்னொரு 1 என்எம். சீரான வேகத்தில் ஏறும்போது சுமார் 43 என்எம் தேவை.

வேகம் எடுக்கும்போது இன்னும் கூடும். மேடையை முடுக்க 4 என்எம்தான் வேண்டும். ஆனால் ஸ்க்ரூவையும் கப்ளிங்கையும் மோட்டாரின் சொந்த ரோட்டரையும் சுழற்றி வேகப்படுத்த இன்னொரு 10 என்எம் ஆகிறது (63 மி.மீ. விட்டம், 1.5 மீட்டர் நீள ஸ்க்ரூவும், 0.01 கிலோகிராம்-சதுர மீட்டர் இனர்ஷியா, அதாவது சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு, உள்ள ரோட்டரும் என்று வைத்துக் கணக்கிட்டது). புதியவர்கள் விட்டுவிடும் இடம் இதுதான். தூக்கும் எடையை முடுக்குவதைவிடச் சுழலும் இரும்பை முடுக்கவே அதிக டார்க் போகிறது. மொத்தம் 57 என்எம். இதுதான் உச்ச டார்க்.

ஒரு சுற்று முழுவதும்

உச்ச டார்க்கைச் சர்வோ சில நொடிகள் தாங்கும். பெரும்பாலான மாடல்களில் அது தொடர் டார்க்கைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். மோட்டாரைச் சூடேற்றுவது சராசரி உழைப்பு. அதை அளக்க ஆர்எம்எஸ் டார்க்கைப் பயன்படுத்துகிறோம்: ஒவ்வொரு கட்டத்தின் டார்க்கையும் வர்க்கப்படுத்தி, அந்தக் கட்டம் நீடிக்கும் நொடிகளால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தச் சுற்று நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வர்க்கப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. டார்க் மின்னோட்டத்தோடு ஏறும், செப்புச் சுருளில் உண்டாகும் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும்.

நம் மேடை 2.9 நொடியில் ஏறுகிறது, மேலே 4 நொடி நிற்கிறது, 2.9 நொடியில் இறங்குகிறது, கீழே சட்டத்தின் மேல் உட்கார்ந்து 2.2 நொடி ஓய்வெடுக்கிறது. மொத்தம் 12 நொடி. கட்டங்களைக் கூட்டினால் ஆர்எம்எஸ் டார்க் ஏறக்குறைய 35 என்எம் வருகிறது.

இந்த 35-இல் மற்றக் கட்டங்களைவிடப் பெரிய பங்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேலே அசையாமல் நிற்கும் அந்த 4 நொடியிலிருந்துதான். அந்த நேரத்தில் வேகம் பூஜ்ஜியம், எந்த வேலையும் நடக்கவில்லை, கிலோவாட் கணக்கில் பூஜ்ஜியம். ஆனால் மோட்டார் 37.5 என்எம்மைப் பிடித்துக்கொண்டு சூடாகிறது. போதாததற்கு, சுழலாமல் நிற்கும்போது மூன்று ஃபேஸும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளாது. ரோட்டர் நின்ற இடத்தைப் பொறுத்து ஒரே ஃபேஸில் உச்ச மின்னோட்டம் தொடர்ந்து ஓடலாம். அப்போது அந்தச் சுருளில் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு சூடு. ஆகவே செங்குத்து அச்சு என்றால், பூஜ்ஜிய வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்க மோட்டாருக்கும் டிரைவுக்கும் என்ன வரம்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நிற்கும் நேரத்துக்குப் பிரேக் போட்டுவிட்டால் ஆர்எம்எஸ் 27 என்எம்முக்கு இறங்கிவிடும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 12 நொடிக்கு ஒரு முறை பிரேக் போட்டு எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 300 முறை, இரண்டு ஷிப்டில் ஒரு நாளைக்கு 4800 முறை. பிரேக்குக்கும் ஆயுள் எண்ணிக்கை உண்டு. நான் பரிந்துரைப்பது வேறு வழி: எதிர் எடையோ, காற்று அல்லது ஹைட்ராலிக் சமநிலை சிலிண்டரோ வைத்து மேடையின் எடையில் பெரும்பகுதியை மோட்டாரின் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். அடுத்த அளவு பெரிய மோட்டாருக்குத் தரும் பணத்தை அதில் போடுவது நல்லது.

சமநிலை சிலிண்டர் இல்லாமலேயே செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 35 என்எம்மோடு 25 சதவீதம் இடைவெளி விட்டால் 44. கோடை வெப்பத்துக்கும் சேர்த்தால், 1200 ஆர்பிஎம்மில் தொடர்ந்து 50 என்எம்முக்குக் குறையாமல் தரும் மோட்டாரைத் தேட வேண்டும். 7.5 கிலோவாட், 1500 ஆர்பிஎம் என்றால் 47.8 என்எம்தான் வருகிறது, கொஞ்சம் நெருக்கடி. அதற்கு அடுத்த அளவைப் பாருங்கள். 3000 ஆர்பிஎம் மோட்டாரை 2.5-க்கு 1 கியர்பாக்ஸ் வழியாகப் பொருத்துவதும் ஒரு வழிதான். மோட்டார் சிறியதாகும், ஆனால் தேயக்கூடிய பொருள் ஒன்று கூடும்.

இதோடு ஓர் எண்ணைச் சரிபாருங்கள்: சுமையின் இனர்ஷியாவுக்கும் ரோட்டரின் இனர்ஷியாவுக்கும் உள்ள விகிதம். நம் உதாரணத்தில் 3.4-க்கு 1. கனமான இயந்திரத்துக்கு 5-க்குள் இருந்தால் டியூனிங் (டிரைவைச் சுமைக்கு ஏற்ப அமைப்பது) நிம்மதியாக முடியும். 10-ஐத் தாண்டினால் அச்சு உறுமும், நிற்கும் இடத்தில் ஆடும். கியர்பாக்ஸ் போட்டால் சுமையின் இனர்ஷியா கியர் விகிதத்தின் வர்க்கத்தால் குறைந்து தெரியும். பெரிய சுழல் மேசைகளுக்குக் கியர் தவிர்க்க முடியாததாவது இதனால்தான்.

வெப்பம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது

நம்பகமான மோட்டார் எது என்று கேட்டால் என் பதில்: குளிர்ச்சியாக ஓடும் மோட்டார். சுருளின் இன்சுலேஷன் கூடுதலாக ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் பாதி ஆயுளை இழக்கும் என்பது மின் பொறியாளர்கள் காலம் காலமாக வைத்திருக்கும் கணக்கு. பேரிங் கிரீஸும் சூட்டில் வேகமாகக் கெடும். நியோடைமியம் காந்தங்கள் அளவு மீறிச் சூடாகி, அதே நேரம் அதிக மின்னோட்டமும் பாய்ந்தால் காந்த சக்தியை நிரந்தரமாக இழக்கும். அப்படி வலுவிழந்த மோட்டார் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் முன்பு எடுத்த மின்னோட்டத்துக்கு முன்பு தந்த டார்க்கைத் தராது.

டேட்டாஷீட்டில் இருக்கும் டார்க் எந்த நிலையில் அளந்தது என்று படியுங்கள். வழக்கமாக 40 டிகிரி சூழல் வெப்பம், கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்குள். உயரம் நமக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஓசூர், பெங்களூரு வட்டாரமே 900 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. 40 டிகிரிதான் பிரச்சினை. தகரக் கூரை போட்ட ஷெட்டில், சித்திரை வைகாசி மதியத்தில், உலைக்கோ ஹைட்ராலிக் டேங்குக்கோ பக்கத்தில் இருக்கும் மோட்டாரைச் சுற்றி 40-க்கு மேல் சாதாரணமாகப் போகும். அந்தச் சூட்டில் டார்க்கை எவ்வளவு குறைத்து எடுக்க வேண்டும் என்று காட்டும் குறைப்பு வளைவு டேட்டாஷீட்டில் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள்.

இன்னொன்றும் அதே தாளில் சிறிய எழுத்தில் இருக்கும்: மோட்டாரை இவ்வளவு பெரிய அலுமினியத் தகட்டில் பொருத்தி அளந்தது என்று. மோட்டாரின் சூடு ஃபிளான்ஜ் (பொருத்தும் முகத்தட்டு) வழியாகவும் வெளியேறுகிறது. மெல்லிய பிராக்கெட்டில் பொருத்தினாலோ, ஏற்கெனவே சூடான கியர்பாக்ஸில் பொருத்தினாலோ அதே டார்க் கிடைக்காது.

விசிறி வைத்த மோட்டார் அதே உடல் அளவில் கணிசமாகக் கூடுதல் டார்க் தரும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் ஃபவுண்டரி மணல், பஞ்சுத் தூசி, சிமெண்ட், கிரைண்டிங் தூள் உள்ள இடத்தில் விசிறி வேண்டாம் என்பேன். விசிறி நின்றுபோனதையோ வழி அடைத்ததையோ யாரும் கவனிக்க மாட்டார்கள். அங்கே விசிறியில்லாத பெரிய மோட்டாரோ, நீர் குளிர்ச்சி மோட்டாரோ சரி. நீர் என்றால் நேரடி போர்வெல் நீர் கூடாது. உப்பு படிந்து வழி அடைக்கும். மூடிய சுற்றில், சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வைத்துக் குளிர்விக்க வேண்டும்.

மோட்டாருக்குள் வெப்ப உணரி இருக்கிறதா, அது டிரைவோடு பேசுமா என்பதையும் உறுதி செய்யுங்கள். சுருளின் வெப்பநிலையை டிரைவ் திரையில் எண்ணாகப் பார்க்க முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பிரேக்: இங்கே சமரசம் வேண்டாம்

சர்வோ மோட்டாருக்குள் வரும் பிரேக் நிறுத்திப் பிடிப்பதற்கானது. ஓடும் சுமையை நிறுத்துவதற்கானது அல்ல. நிறுத்துவது மோட்டாரின் வேலை. நின்ற பிறகு பிரேக் பிடிக்கும். அவசர நிலையில் சில முறை ஓடும்போதே பிடிக்கலாம், அதற்கும் டேட்டாஷீட்டில் எண்ணிக்கையும் ஆற்றல் வரம்பும் தந்திருப்பார்கள்.

நம் மேடைக்குப் பிரேக் தாங்க வேண்டியது 37.5 என்எம். குறைந்தது ஒன்றரை மடங்கு, முடிந்தால் இரண்டு மடங்கு வையுங்கள்: 56 முதல் 75 என்எம். சூட்டிலும் தேய்மானத்திலும் பிரேக்கின் பிடிப்பு குறையும் என்பதால் இந்த இடைவெளி.

டிரைவில் எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப்) என்ற பாதுகாப்பு வசதி இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எஸ்டிஓ மோட்டாரின் டார்க்கை வெட்டிவிடும், அவ்வளவுதான். செங்குத்து அச்சில் டார்க்கை வெட்டினால் மேடை கீழே விழும். பிரேக் பிடிக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்து, முதலில் பிரேக், அது பிடித்த பிறகு எஸ்டிஓ என்ற வரிசை டிரைவில் அமைக்கப்பட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், மேடைக்குக் கீழே ஓர் ஆள் கை நீட்டவோ குனியவோ வேண்டியிருந்தால், ஒரு பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஸ்க்ரூவிலோ தண்டவாளத்திலோ இரண்டாவது பிரேக், பராமரிப்பு நேரத்தில் செருகும் இரும்புப் பின், இரண்டும் இருக்கட்டும். உயிர் சம்பந்தப்பட்டது. விலை பார்க்கும் இடம் இதுவல்ல.

இறங்கும்போது திரும்பி வரும் மின்சாரம்

1200 கிலோ 1 மீட்டர் இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறும். உராய்வு போக, சுற்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ ஜூல் டிரைவுக்குத் திரும்புகிறது. 12 நொடிக்குச் சராசரியாக எடுத்தால் 850 வாட். இறங்கும் நேரத்தில் மட்டும் 4 கிலோவாட்டைத் தாண்டும். இதற்கு வழி செய்யாவிட்டால் டிரைவுக்குள் இருக்கும் நேர்மின்சார இணைப்பின் (டிசி பஸ்) வோல்டேஜ் எகிறி, ஒவ்வொரு இறக்கத்திலும் ஃபால்ட் வரும். டிரைவுக்குள்ளேயே இருக்கும் பிரேக் ரெசிஸ்டர் பெரும்பாலும் இந்த அளவைத் தாங்காது. 1.5 கிலோவாட் அளவில் வெளி ரெசிஸ்டர் வையுங்கள், அதைப் பேனலுக்குள் வைக்காமல் கம்பிக் கூண்டோடு வெளியே வையுங்கள். ஒரே இயந்திரத்தில் இப்படி நான்கைந்து அச்சுகள் இருந்தால், பொது டிசி பஸ்ஸும் மின்சாரத்தை லைனுக்கே திருப்பும் யூனிட்டும் போடுவதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

என்கோடர், ஷாஃப்ட், பேரிங்

தூக்கும் அச்சுக்கு மல்டிடர்ன் அப்சொல்யூட் என்கோடர்தான் சரி. மின்சாரம் போய் வந்தாலும் மேடை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். பேட்டரி வைத்த வகையும் உண்டு, பேட்டரி தேவைப்படாத வகையும் உண்டு. விலை ஒத்துவந்தால் இரண்டாவதை எடுங்கள். அதிர்ச்சியும் சூடும் மிகுந்த ஃபோர்ஜிங் போன்ற இடத்தில் ரிசால்வர் (கம்பிச் சுருள்களால் கோணத்தை அளக்கும் உணரி) இன்னும் நல்ல துணை. துல்லியம் குறைவு, ஆனால் உள்ளே மின்னணுச் சில்லுகள் இல்லாததால் எளிதில் சாகாது. எதை எடுத்தாலும் உங்கள் டிரைவுக்கு அந்த என்கோடரின் மொழி புரியுமா என்று முதலில் பாருங்கள். ஹைடன்ஹைனின் எண்டேட், சிக்கின் ஹைப்பர்ஃபேஸ், சீமென்ஸின் டிரைவ்-கிளிக் என்று ஆளுக்கொரு மொழி.

முன்னும் பின்னும் மாறி மாறிச் சுழலும் கனமான அச்சில் சாவி (ஷாஃப்ட் வழுக்காமல் காடியில் செருகும் உலோகத் துண்டு, கீ) வைத்த ஷாஃப்ட்டைவிடச் சாவியில்லாத ஷாஃப்ட்டில் இறுக்கிப் பிடிக்கும் கப்ளிங்கே நீண்ட நாள் உழைக்கும். சாவிக் காடி நாளடைவில் தளர்ந்து இடிபடத் தொடங்கும். பெல்ட் புல்லி மாட்டினால் பெல்ட்டின் இழுவை மோட்டார் பேரிங்கின் பக்கவாட்டுச் சுமை வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள்; புல்லியை ஷாஃப்ட்டின் நுனியில் மாட்டாமல் மோட்டார் முகத்தை ஒட்டி மாட்டுங்கள். கூலன்ட் தெறிக்கும் இடத்தில் ஐபி65 (தூசியும் நீரும் புகாத தரம்) என்று உடலுக்கு எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஷாஃப்ட் வெளிவரும் இடத்துக்கு ஆயில் சீல் தனியாக ஆர்டர் செய்ய வேண்டியிருக்கும்.

டிரைவும் லைனும்

நம்மிடம் வருவது 415 வோல்ட், மூன்று ஃபேஸ். 400 வோல்ட் வகை மோட்டாரையும் டிரைவையும் கேளுங்கள். ஜப்பானிய 200 வோல்ட் வகையை எடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பெரிய மோட்டாருக்கு அது கூடுதல் செலவு, இடம், சூடு. லைன் வோல்டேஜ் இறங்கும் வட்டாரம் என்றால், அந்தக் குறைந்த வோல்டேஜில் உங்கள் உச்ச வேகத்தில் உச்ச டார்க் கிடைக்குமா என்று டார்க் வேக வளைவில் பாருங்கள். முதலில் அடி வாங்குவது அந்த மூலைதான்.

கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஷீல்டு உள்ள கேபிள், ஷீல்டை இரு முனையிலும் சுற்றளவு முழுக்கப் பிடிக்கும் கிளாம்ப், நல்ல எர்த். இவை சரியாக இல்லாவிட்டால் என்கோடர் ஃபால்ட் காரணம் தெரியாமல் வந்து வந்து போகும், பெரிய மோட்டாரில் பேரிங் வழியாக மின்னோட்டம் பாய்ந்து பேரிங்கும் கெடும்.

யாரிடம் வாங்குவது

யாஸ்காவா, மிட்சுபிஷி, சீமென்ஸ், ஃபனுக், ரெக்ஸ்ராத் என்று நல்ல பெயர்கள் பல உண்டு. பெயரைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது: இந்த மாடல் இன்னும் எத்தனை ஆண்டு உற்பத்தியில் இருக்கும், மாற்று மோட்டார் இந்தியாவில் கையிருப்பில் உண்டா, என்கோடரும் பிரேக்கும் மாற்றும் சர்வீஸ் எந்த ஊரில் இருக்கிறது. நீங்கள் போட்ட தாளை விற்பனைப் பொறியாளரிடம் கொடுத்து, அவர்களுடைய அளவுத் தேர்வு மென்பொருளில் போட்டு அறிக்கை தரச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் இதை இலவசமாகவே செய்து தருகின்றன. அவர்கள் தரும் ஆர்எம்எஸ் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால், எங்கே வேறுபடுகிறது என்று தெரியும்வரை ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பழைய மோட்டார் வாங்குவதானால் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிரேக் உள்ள மோட்டார் என்றால் முதலில் 24 வோல்ட் கொடுத்து அதை விடுவிக்க வேண்டும். மணல் அரைபடுவது போல் இருந்தால் பேரிங் போய்விட்டது. டிரில் மெஷினால் சீராகச் சுற்றி மூன்று ஃபேஸுக்கு இடையிலும் வரும் வோல்டேஜை அளங்கள். மூன்றும் சமமாக இருக்க வேண்டும், அந்த வேகத்துக்குரிய டேட்டாஷீட் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் காந்தம் வலுவிழந்திருக்கிறது. மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடுவதானால் டிரைவைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். என்கோடரை மட்டும் திறக்காதீர்கள். அது ரோட்டர் காந்தத்தோடு கோணம் பார்த்துப் பொருத்தப்பட்டது. அசைந்துவிட்டால் மோட்டார் தாறுமாறாக ஓடும்.

பொருத்திய பிறகு

முதல் ஓட்டத்தைச் சுமையில்லாமலும், அடுத்ததைப் பாதிச் சுமையிலும், பிறகு முழுச் சுமையிலும் செய்யுங்கள். டிரைவின் டிரேஸ் வசதியில் டார்க்கைப் பதிவு செய்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். ஏறும்போது 43 என்று கணக்குப் போட்ட இடத்தில் 55 காட்டினால் தண்டவாளம் இறுகியிருக்கிறது, அல்லது ஸ்க்ரூ நேர்கோட்டில் இல்லை. டிரைவில் எண்களை மாற்றாமல் மெக்கானிக்கலைச் சரி செய்யுங்கள்.

அப்புறம் முழு வேகத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டி, சுருளின் வெப்பநிலை ஏறுவது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இந்தச் சோதனையைக் குளிரான மார்கழிக் காலையில் செய்தால், கோடையில் கூடும் டிகிரிகளை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். பிரேக் பிடிப்புச் சோதனையைத் தேதியோடு பதிவு செய்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். டிரைவின் பாராமீட்டர் கோப்பை இரண்டு இடத்தில் சேமித்து, மோட்டார் நேம் பிளேட்டின் படத்தையும் முழு ஆர்டர் எண்ணையும் பேனல் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.